பின் சீட்டு

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பி பேசினான். நண்பரின் மகன், இருபத்திநாலு வயசு. அவன் தாத்தா ஓட்டிய யெஸ்டி ஒன்று ஊரில் கோணிப்பைக்கு அடியில் கிடக்கிறதாம். அதை எடுத்து, மட்கார்டை வெட்டி, சீட்டைக் குறுக்கி, கஃபே ரேசராக மாற்றப்போகிறானாம். ஃப்ரேமில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று கேட்கத்தான் கூப்பிட்டான். ஆனால் போனை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்கி வேற ஒண்ணு கேட்டான்: "மாமா, இத வெட்டலாமா? தப்பில்லையே?"

ஃப்ரேமில் எங்கே வெட்டலாம் என்று சொல்ல எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். வெட்டலாமா என்ற கேள்விக்கு நாற்பது வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். "நாளைக்குப் பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன். அவனிடம் மறுநாள் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

*

எனக்குச் சொந்த ஊர் தேசூர். ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கிற புடவைகளில் எங்கள் தெருவில் நெய்தவையும் உண்டு. இப்போ திருவண்ணாமலை மாவட்டம், நான் சொல்கிற காலத்தில் வட ஆற்காடு. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் தறிதான். எனக்குக் குழியில் கால் வைத்து உட்கார்ந்தாலே மூச்சு முட்டும். பத்தொன்பது வயசில் தறியை விட்டுவிட்டு சித்தப்பாவின் பட்டறைக்குப் போய்விட்டேன். அவர் மெட்ராஸில் பத்து வருஷம் மெக்கானிக்காக இருந்து, ஊர் திரும்பி, வந்தவாசி ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். டிராக்டர், மோட்டார் பம்பு, எப்போதாவது ஒரு அம்பாசடர்.

ஊரில் ஒரு வாத்தியார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். 1961லிருந்து மெட்ராஸ் பக்கத்திலேயே, ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்த வண்டி. ரெண்டு கதவு, வெளிர் நீலம். அவர் இறந்து நாலு வருஷம் அது கொட்டகையில் நின்றது. டயர் நாலும் தரையோடு ஒட்டிப்போய், டிக்கிக்குள் கோழி முட்டையிட்டது. ஒருநாள் வாத்தியாரம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"எத்தினி பேரோ வந்து கேட்டாங்கபா, இரும்பு வெலைக்கு. எனக்கு மனசு வர்ல. நீ எடுத்துக்கோ. ஓட வெச்சுடு. நின்னுகினு இருக்கறத என்னால பாக்க முடில."

ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாய். மூன்று தவணை. ஆர்.சி. புக்கைக் கொடுக்கும்போது அட்டையை முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். "ஓட வெச்சுடு" என்ற அந்த வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

*

சித்தப்பாவிடம் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகை இருந்தது. மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருஷங்களில் அங்கே பழைய புத்தகக் கடையில் எடுத்தது. அட்டை கிடையாது. நடுப்பக்கத்தில் ஒரு வண்டி. கூரை இல்லை, மட்கார்டு இல்லை, முன்னால் இன்ஜின் திறந்து கிடக்கிறது, பின்னால் சின்னதாக ஒரு சாமான் தொட்டி. பழைய ஃபோர்டு பிக்கப்பை வெட்டிச் செய்தது. அதன் பெயர் ஹாட் ராடு என்று சித்தப்பா சொன்னார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டது இது. ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரில் தொழிற்சாலையிலேயே பிக்கப் தொட்டி பொருத்தி விற்க ஆரம்பித்தது 1925இல். விலை 281 டாலர். மாடல் டி மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கு மேல் வந்தது. அதனால் பத்து வருஷத்தில் அமெரிக்காவில் காயலான் கடைக்கெல்லாம் அதுதான். கலிஃபோர்னியாவில் காசில்லாத பையன்கள் அவற்றையும் அடுத்து வந்த மாடல் ஏ வண்டிகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். கனமாக எதெல்லாம் இருந்ததோ எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். 1932இல் ஃபோர்டு வி8 இன்ஜின் வந்தபின், விபத்தான வண்டிகளில் இருந்து அதை எடுத்துப் பழைய உடம்பில் மாட்டினார்கள். மியூராக் என்கிற காய்ந்த ஏரிப் படுகையில் போட்டி வைத்தார்கள். 1937இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டானது. போர் முடிந்து திரும்பின பட்டாளத்துப் பையன்கள் சேர்ந்தபோது அது ஒரு அலையாகவே ஆனது. 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையின் முதல் இதழ் 1948 ஜனவரியில் வந்தது.

அதாவது இது பணக்காரர் விளையாட்டாகத் தொடங்கினது இல்லை. புது வண்டி வாங்க முடியாதவன், பழசை வெட்டித் தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டான். நம்ம சென்னையில் மீன்பாடி வண்டியில் பழைய பைக் இன்ஜினைப் பூட்டி ஓட்டினவர்களும் அதே ஜாதிதான். ஒரே ஒரு வித்தியாசம், இவர்கள் பிழைக்கச் செய்தார்கள், அவர்கள் பறக்கச் செய்தார்கள்.

நாங்களும் பறக்கத்தான் நினைத்தோம்.

*

ஹெரால்டு வெட்டுவதற்கென்றே பிறந்த வண்டி. அந்தக் காலத்திலேயே நிறைய கார்களில் பாடியும் சேஸும் ஒன்றாகிவிட்டன. கூரையை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் தனி சேஸ். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். கூரையும் போல்ட்தான். முன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழும். நாலு நாளில் வண்டியை எலும்புக்கூடாக ஆக்கிவிட்டோம். கூரை போனது. பின் கண்ணாடி, டிக்கி, பின் சீட்டு போனது. அந்த இடத்தில் ஆறடி தகரத்தில் ஒரு தொட்டி. 948 சிசி இன்ஜின் ஹெட்டை லேத்துக்குக் கொடுத்துத் தேய்த்து அழுத்தம் ஏற்றினோம். புதுப்பேட்டையில் ஜோடி கார்புரேட்டர் பார்த்து வைத்திருந்தார் சித்தப்பா. அதுக்கும் டயருக்கும்தான் பணம் இல்லை.

அந்தப் பணத்தை அம்மா கொடுத்தாள்.

எங்கள் பக்கம் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள், பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள். பழைய ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அவர்கள் கரையையும் முந்தானையையும் கத்தரித்து எடுத்துப்போய் எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அம்மா தன் முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் போட்டாள். அவளே நெய்தது. அரக்கு, அகலக் கரை. அந்த ஆள் கத்தரியை எடுத்தபோது எனக்குத்தான் வயிறு கலங்கியது.

"இன்னாத்துக்குமா? கல்யாணப் பொடவ."

"நூலுதான்டா. நெய்யத் தெரிஞ்சவளுக்குப் பொடவ போச்சுன்னு இன்னா அழுகை?"

கத்தரியை அவனிடம் இருந்து வாங்கித் தானே வெட்டினாள். அவன் வெட்டினால் கோணலாக வெட்டிவிடுவானாம். ஜரிகை இல்லாத நடு உடம்புத் துணி மிஞ்சியது. அதில் ஒரு சுருக்குப்பை தைத்துக்கொண்டாள். சாகிற வரைக்கும் வெற்றிலையும் சில்லறையும் அதில்தான். புடவையைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எடுத்துப்போட்ட பின் சீட்டை நான் சைக்கிள் கேரியரில் கட்டி வந்தவாசி காயலான் கடையில் போட்டேன். ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்குமாகச் சேர்த்து முப்பத்தஞ்சு ரூபாய். அன்றைக்கே அங்கே கொட்டகையில் ஒரு படம் பார்த்தேன். பரோட்டா சாப்பிட்டேன்.

*

மெட்ராஸுக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆட்களெல்லாம் வருவார்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள், கம்பெனி முதலாளிகள், வெளிநாட்டு வண்டிகள். கூடவே வீட்டுக் கொல்லையில் வெல்டிங் வைத்துச் செய்த வண்டிகள். ஃபியட்டையும் ஹெரால்டையும் சுரண்டிச் சுரண்டி வேகம் ஏற்றினவர்கள். அந்தக் கூட்டத்தின் ஒரு ஓரத்தில் நாங்கள்.

ஹெரால்டுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. பின் சக்கரங்கள் ஊசல் மாதிரி ஆடுகிற அச்சில் மாட்டியிருக்கும். வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். நாங்கள் பின்னால் இருந்த கனத்தையெல்லாம் எடுத்துவிட்டதால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, அந்தக் குணம் இன்னும் முற்றியிருந்தது. குறுக்குப் பட்டையில் ரெண்டு இலையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தினோம். ஊரில் ஓட்டும்போது தொட்டியில் மணல் மூட்டை வைத்து ஓட்டினோம். சித்தப்பா அடிக்கடி சொன்னார்: "இந்த வண்டி பின்னால ஆள் உக்காரணும்னு செஞ்சதுடா. அந்த கனத்த எடுத்துட்டோம். அதான் கோவம்."

பயிற்சி ஓட்டத்தில், நீள ஓடுபாதை முடிகிற திருப்பத்தில், சித்தப்பா காலை எடுத்துவிட்டார். வண்டி ரெண்டு சுற்றுச் சுற்றி வைக்கோல் கட்டில் போய் நின்றது. நான் ஓடினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பந்தயத்தில் ஒன்பது வண்டியில் ஏழாவது. எட்டாவதும் ஒன்பதாவதும் பாதியிலேயே நின்றவை. ஆனால் அந்த நீளப் பாதையில் எங்கள் நீல வண்டி அலறிக்கொண்டு போன சத்தம் இருக்கிறதே, அதற்கு இணையான சந்தோஷம் எனக்கு அப்புறம் வாழ்க்கையில் ரெண்டு மூணு தடவைதான் வாய்த்தது.

சோழவரம் பிறகு ஓய்ந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். இருக்கிறதை வைத்து இல்லாததைச் செய்கிற அதே புத்தி. நாங்கள் கட்டியது அந்த வரிசையில் கடைசியிலும் கடைசி.

*

சோழவரத்தில் இருந்து வண்டி ஊருக்கு வந்ததும் சித்தப்பா நேராக வாத்தியாரம்மா வீட்டுக்கு ஓட்டினார். "ஓட வெச்சுடு"ன்னு சொன்னாங்களே, காட்ட வேண்டாமா? எங்களுக்கு அவ்வளவு பெருமை.

அவர் வாசலுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். கூரை இல்லாததைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். பின்னால் போய்த் தகரத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பின் சீட்டு எங்கபா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"சின்னவனை மடில போட்டுக்கினு வேலூருக்குப் போனது அந்த சீட்டுலதான். வர்றப்போ மடி காலி." சாதாரணமாகத்தான் சொன்னார். "மத்தது எப்பிடி வேணா இருக்கட்டும். அத மட்டும் குடுத்துடு, கூடத்துல போட்டுக்கறேன்."

அடுத்த நாள் காலை வந்தவாசிக்கு மிதித்தேன். சீட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை விற்று எத்தனையோ நாளாகியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன். அவர் திட்டவில்லை. "போனா போவுது, உனக்கு இன்னா தெரியும்" என்றார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவரே கேட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ரோட்டு முனை வரைக்கும் வந்தார். காற்றில் முந்தானை பறந்தது. சிரித்தார். அந்தச் சிரிப்பும் உண்மைதான். ஒன்று இன்னொன்றை அடித்துப் போட்டுவிடாது.

*

வண்டியைப் பற்றி யோசித்தவர்கள் தத்துவத்தில் உண்டு. 'மிலிந்த பன்ஹா' என்ற பௌத்த நூலில், தேரில் வந்து இறங்கிய கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் கேட்பார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்த இடத்தில் நாம் வைக்கிற பெயர்தான் தேர். கிரேக்கர்களிடம் தீசியஸின் கப்பல் உண்டு. பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் அது பழைய கப்பலா, புதுக் கப்பலா என்று ப்ளூடார்க் காலத்திலேயே விவாதம். பிற்பாடு ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சுப் போட்டார்: கழற்றிப் போட்ட பலகைகளைச் சேர்த்து ஒருத்தன் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்?

ரொம்ப நாள் எனக்கு இந்தக் கேள்விகள்தான் ஆறுதல். வண்டி என்பது வெறும் பெயர்தான், போனதென்ன என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுமே வண்டியை வெளியே நின்று பார்க்கிறவனின் கேள்விகள். வாத்தியாரம்மா 'இது அதே வண்டியா' என்று கேட்கவே இல்லை. அவர் சீட்டைக் கேட்டார். சித்தப்பாவுக்கு அந்த வண்டி இன்ஜினும் சேஸும். எனக்கு வேகம். அவருக்கு ஒரு சீட்டு. ஒரே இரும்பு, மூன்று பேருக்கு மூன்று வண்டி. அவருடைய வண்டியைத்தான் நான் முப்பத்தஞ்சு ரூபாய்க்கு விற்றேன்.

அசல் என்று சொல்வதையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹாட் ராடு பையன்கள் நல்ல பழைய ஃபோர்டுகளை நாசமாக்கினார்கள் என்று பழமை விரும்பிகள் அவர்களைச் சபித்தார்கள். பிறகு என்ன ஆச்சு? உலகத்தின் பெரிய பழங்கார்க் கண்காட்சியான பெப்பிள் பீச்சில் 1997இல் ஹாட் ராடுகளுக்கே தனிப் பிரிவு வைத்தார்கள். வெட்டின வண்டியை, வெட்டின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுக்கிறார்கள். அன்றைக்கு நாசம், இன்றைக்குப் பாரம்பரியம். ஆக 'தொழிற்சாலையில் இருந்து வந்தபடி' என்பதில் புனிதம் ஒன்றும் இல்லை. யாரோ மனசு வைத்த இடத்தைத்தான் பிற்காலம் பாதுகாக்கிறது.

அப்போ வெட்டலாம்தானே? காசு கொடுத்து வாங்கினோமே? சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அது ரோட்டில் போகிற மற்றவர்களின் உயிரைப் பற்றிய சட்டம். கொடுத்தவரின் மனசைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை. பத்திரத்தில் கைமாறுவது உடைமை மட்டும்தான். நினைவு கைமாறுவதில்லை, அது கொடுத்தவரிடமே நின்றுவிடுகிறது.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் எதையுமே செய்ய முடியாது என்பீர்கள். உண்மை. பொருள்கள் மேல் அப்படி ஒரு பக்தியும் எனக்கு இல்லை. அதற்கு அம்மாதான் சாட்சி. முகூர்த்தப் புடவையைக் கையோடு வெட்டி நெருப்புக்கு அனுப்பினவள். அவள் செய்ததில் துளி தப்பு இல்லை. ஏனென்றால் அந்தப் புடவை யாருக்கு உயிரோ, வெட்டினதும் அவளே. அவள் கத்தரியும் என் ஸ்பானரும் செய்தது ஒரே வேலை. அவளுக்கு அந்த உரிமை இருந்தது, எனக்கு இல்லை. ஒரு பொருளின் வாழ்வை முடித்துவைக்கிற உரிமை, அது இன்னமும் யாருக்குள் உயிரோடு இருக்கிறதோ அவருக்கு உண்டு. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேட்டிருந்தால் அவர் சீட்டைச் சொல்லியிருப்பாரா? தெரியாது. அந்தத் தொட்டியை எட்டிப் பார்க்கிற வரைக்கும் அவருக்கே அது தோன்றாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அது துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். நாங்கள் கேட்கவே இல்லை என்பதால்தான் அது தப்பு. ரெண்டுக்கும் நடுவில் இருப்பது ரெண்டு நிமிஷப் பேச்சு.

கேட்க ஆளே இல்லாத பொருள்கள் உண்டு. ஊர்க் கோயில் சுவரை மணல் வீசிச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கல்வெட்டு எழுத்தையே தேய்த்துவிட்ட கதைகள் நமக்குத் தெரியும். அங்கே கேட்க வேண்டியவர்கள் செத்துப்போனவர்களும் இன்னும் பிறக்காதவர்களும். அந்த மாதிரி இடத்தில் கை நடுங்கத்தான் வேண்டும். வீட்டுக் கொல்லையில் கிடக்கிற பைக்குக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

தறியில் புடவை முடிந்ததும் பாவை அறுத்துத்தான் எடுப்போம். அறுக்காமல் புடவை கிடையாது. ஆனால் முழுசாக உருவிவிட மாட்டோம். அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய பாவின் நுனியைக் கொஞ்சம் விட்டுவைப்போம். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு சேர்த்து முறுக்குவார்கள். பாவு பிணைக்கிறது என்று பேர். சின்ன வயசில் எனக்குப் பிடிக்காத வேலைகளில் அதுதான் முதல். இப்போது யோசித்தால், வெட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அந்த வேலையில் இருந்திருக்கிறது.

*

தம்பியிடம் சொன்னேன்: "வெட்டுடா, தாராளமா வெட்டு. பாட்டி இருக்காங்கல்ல? ஊருக்குப் போ. எத வெட்டலாம்னு கேக்காத, அவங்க உன் ஆசைக்கு எல்லாத்துக்கும் சரின்னுடுவாங்க. எத வெச்சுக்கட்டும்னு கேளு."

ரெண்டு வாரம் கழித்துப் பேசினான். பாட்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாராம். டேங்க் வேண்டாம், சீட்டு வேண்டாம். பின் சக்கரத்துப் பக்கத்தில், சேலை மாட்டாமல் இருக்கத் தாத்தா கல்யாணமான வாரம் வாங்கிப் போட்ட கம்பி கார்டு, அது மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

அவன் முதல் நாளே கழற்றி ஓரமாகப் போட்டிருந்தது அதைத்தான். இன்னும் கடைக்குப் போகவில்லை.

கஃபே ரேசரில் சேலைக் கம்பி நன்றாகவா இருக்கும் என்று கேட்டான். நன்றாக இருக்காதுதான். மாட்டிக்கொள் என்றேன்.